தூணோடு மல்லுக்கட்டிய பூமாரி

பூமாரிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே வாயில்லாப் பூச்சி என்று பெயர். சங்கரன்கோவிலில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அவள் குரலைவிட அவள் நூல் சுற்றும் ராட்டையின் சத்தம்தான் அதிகம் கேட்டது. புருஷன் பொன்னுச்சாமி விசைத்தறிக்குப் போவான். பூமாரி பிறந்த ஊர் பனவடலிசத்திரம். அங்கே அம்மா இல்லை. அப்பா இரண்டாவதாகக் கட்டியவள் இவளை வாசலோடு பேசி அனுப்புகிற ரகம். அதனால் தலைப்பிரசவத்துக்குக்கூடப் பூமாரி பிறந்த வீடு போகவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாசம் அந்த வீட்டில் இரண்டு பேறுகாலம். பொன்னுச்சாமியின் தங்கை கோமதித்தாயைக் குருவிகுளத்தில் கொடுத்திருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. வெள்ளிக்கிழமை பூமாரிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள், முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். கடைசியில் துணியில் சுற்றிப் பொன்னுச்சாமி கையில் கொடுத்துவிட்டாள்.

உள்ளறையில் கோமதித்தாய்க்குப் பிள்ளை பெற்றவளுக்கு உண்டான மரியாதையெல்லாம் நடந்தது. சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துக் கருப்பட்டி போட்டுக் கிண்டிய காயம் காலையில் ஒரு உருண்டை. மதியம் பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை இடுப்பில் அடித்து ஊற்றி, எட்டு முழ வேட்டியால் அடிவயிற்றிலிருந்து விலா வரைக்கும் இறுக்கிக் கட்டுவாள் அம்மா முருகம்மாள். கட்டாவிட்டால் வயிறு சரிந்துவிடும், இடுப்பு ஆயுசுக்கும் வலிக்கும் என்று அவள் நம்பினாள். சரியோ தப்போ, மகளுக்கு நம்பியதை மருமகளுக்கு நம்பவில்லை.

பூமாரி பின்கட்டில் ஒரு மூலையில் கிடந்தாள். நாலாம் நாளே பழைய சோறு வந்தது. உள்ளறையில் பிள்ளை அழும்போதெல்லாம் இவள் ரவிக்கை நனைந்தது. கையில் பிள்ளை இல்லாதவளுக்குக் காயம் எதற்கு, பால் ஊறுகிற சாப்பாடு எதற்கு, வயிற்றைக் கட்டி என்ன ஆகப்போகிறது என்று முருகம்மாள் பக்கத்து வீட்டு ஞானபூரணத்திடம் சொன்னது இவள் காதில் விழுந்தது. முருகம்மாளைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் கதை சுலபம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நடந்ததை யாரும் பேசாமல், எதையும் செய்யாமல் இருந்தால் மருமகள் சீக்கிரம் மறந்துவிடுவாள் என்று உண்மையாகவே நினைத்தாள். நல்ல எண்ணத்தோடு செய்கிற அநியாயத்தைப் போல எரிச்சல் மூட்டுவது வேறொன்றும் கிடையாது.

தீட்டுக் கழிந்து வீடு கழுவிவிட்ட பதினேழாம் நாள் காலை, கோமதித்தாய்க்குக் குளிக்கத் தண்ணீர் போடும்படி மருமகளுக்கு உத்தரவு வந்தது. பூமாரி எழுந்தாள். குனிந்தால் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. விறகு வைத்தாள், வேப்பிலை போட்டாள். கொதித்ததும் பதமாக விளாவி, இரண்டு நடையாகப் புறவாசல் மறைப்புக்குச் சுமந்து போனாள். படலைச் சாத்தினாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கோமதித்தாய் இன்னும் உள்ளறையில்தான் இருக்கிறாள் என்பது முருகம்மாளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஈரத் தலையோடு வந்த பூமாரி கொடியில் கிடந்த வேட்டியை உருவினாள். வயிற்றுக்கட்டைத் தனக்குத் தானே இறுக்கிக்கொள்வது கஷ்டம். இன்னொருத்தி இழுத்துப் பிடிக்க வேண்டும். யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு முனையை நடுவீட்டுத் தூணில் முடிந்தாள். மறுமுனையை அடிவயிற்றில் அமுக்கிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் துணியில் கொடுத்துத் தூணை நோக்கிச் சுற்றிச் சுற்றி வந்தாள். நூல் சுற்றிப் பழகியவளுக்கு இழுப்பு எங்கே தளரும் என்று தெரியாதா? தூணை நெருங்க நெருங்கக் கட்டு இறுகியது. முடிச்சை அவிழ்த்து முனையை இடுப்பில் செருகினாள்.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? பிள்ள பெத்தவளுக்கு வச்ச தண்ணிய நீ ஊத்திக்கிட்டு வாரியே," என்றாள் முருகம்மாள். பிள்ளையைப் பார்க்க ஞானபூரணம் வந்திருந்ததால் குரலை அடக்கித்தான் சொன்னாள்.

"நானும் பிள்ள பெத்தவதான், அத்த," என்றாள் பூமாரி. "பிள்ளதான் செத்துச்சு, நான் சாகலயே. இதுவும் சுமந்த வயிறுதான். நாப்பத்தோரு நாள் முடியுமட்டும் நான் ஒரு வேலையும் தொட மாட்டேன். காயம் தந்தா தின்னுதேன். தராட்டா நானே இடிச்சுக்கிடுதேன்."

வாயில்லாப் பூச்சிக்கு வாய் முளைத்ததில் வீடே திகைத்துப் போயிற்று. முதலில் அசைந்தவள் கோமதித்தாய். தன் காயத்தில் பாதியைக் கிள்ளி, "மதினி, இந்தாங்க" என்று நீட்டினாள். முருகம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சொன்னபடியே பூமாரி உட்கார்ந்தாள். தினமும் தூணோடு மல்லுக்கட்டினாள். பிள்ளை இல்லாமலே பத்தியம் இருக்கிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். இது போதுமே என்று பொன்னுச்சாமியும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அப்படியானால் தூணுக்குப் பதிலாக நீங்கள் பிடியுங்கள் என்றாள். தறிக்கு நேரமாயிற்று என்று நழுவிவிட்டான். வீரன்!

மூன்று வருஷம் கழித்து மறுபடி உண்டானாள். ஆஸ்பத்திரியில் பதிவதற்கு மாமியாரும் கூடவே போனாள். நர்ஸ் நோட்டைத் திறந்து, எத்தனையாவது பிரசவம் என்று கேட்டாள். முருகம்மாள் முந்திக்கொண்டு, முதல் பிரசவம் என்றாள். நர்ஸ் எழுதிவிட்டாள்.

"ரெண்டாவது," என்றாள் பூமாரி. "மூத்தது பொம்பளப் பிள்ள. பெறக்கும்போதே உசிரு இல்ல. அதயும் எழுதுங்க."

நர்ஸ் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பூமாரி நகரவில்லை. நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு, இரண்டு என்று எழுதினாள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பூமாரி அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னாள்.