பைன் காட்டில் ஒரு சுற்று

இமயமலைக்குப் போகிறவர்கள் புண்ணியம் தேடிப் போவார்கள், இல்லையென்றால் காற்று மாற்றத்துக்குப் போவார்கள். நான் போனது என் தங்கை புருஷனைக் கூப்பிட. அதுவும் என் இஷ்டப்படி போனதில்லை. சங்கரன்கோவில் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் வாத்தியாரான எனக்கு, ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் பதினைந்து நாள் லீவு கிடைத்தது. அதைத் தூங்கிக் கழிப்பதென்றுதான் நினைத்திருந்தேன்.

பழி என்னுடையது என்பதால் மறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை பட்டாளத்திலிருந்து விலகி வந்தவர். என் வீட்டோடுதான் இருந்தார். எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைக்கவில்லை. ஒருநாள் தெருவில் நாலு பேர் முன்னால், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதேயும். போம்வே" என்று சொல்லிவிட்டேன். ரோஷக்காரர், போயேவிட்டார். குமாயூன் மலையில் பைன் மரத்துப் பிசின் சேர்க்கும் கிடங்கில் வேலை என்று ஒரே ஒரு கார்டு வந்தது. அவர் போகும்போது தங்கை கோமதிக்கு நாலு மாசம். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கவும் ஆரம்பித்துவிட்டது. நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை.

"காயிதத்துல எழுதினா ஆச்சாண்ணே?" என்றாள் கோமதி. "போன்னு சொன்ன வாயில்லா போயி வான்னு சொல்லணும்."

முதல் ஐந்து நாட்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. விருதுநகரில் ஒரு வண்டி, சென்னையில் ஒரு வண்டி, டில்லிக்கு இரண்டு நாள். மூன்றாம் வகுப்பில் யாரோ ஒருவருடைய பூசணிக்காய் நாக்பூரிலிருந்து ஆக்ரா வரை என் மடியில் வந்தது. பரேலியில் மாறி காட்கோடம் போனால் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ராணிக்கேத்துக்கு பஸ்ஸில் ஐம்பது மைல். எழுபது வளைவு வரை எண்ணினேன். அப்புறம் வாந்தி எடுக்கவே நேரம் சரியாக இருந்தது. பரேலியிலிருந்தே மாப்பிள்ளையிடம் பேச வேண்டிய பேச்சை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். 'வாரும்' என்ற சொல்லில்தான் ஒவ்வொரு தடவையும் நாக்கு இடறியது.

ஆறாம் நாள் காலை ஏழு மணி. பிசின் டின் ஏற்றப் போகும் லாரி ஒன்றில் ஏறினேன். கிடங்கு பதினேழு மைல். டிரைவர் என்னிடம் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, வழியில் நாலு இடத்தில் நிறுத்தி டீ குடித்தார். அவசரம் என்று கையைக் காட்டினால், எனக்கும் ஒரு டீ சொன்னார்.

பகல் பன்னிரண்டே கால். கிடங்கு குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: உங்கள் ஆள் இரண்டு மணி நேரம் முன்னால்தான் புறப்பட்டார். லாரி வரும் வழி வேறு, அவர் போன கோவேறு கழுதைப் பாதை வேறு. அது மலையைச் சுற்றி ஒன்பது மைல் போய் பஸ் நிறுத்தத்தில் இறங்கும். அங்கே இரண்டு மணிக்கு பஸ் ஏறி, வடக்கே மேல்கிடங்குக்கு மாறிப் போகிறார். பனி விழுந்துவிட்டால் பங்குனி வரை அங்கே போக வழி கிடையாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அவர் அதை மாட்டிக்கொண்டு, காட்டுக்குள் நாலு மைல் குறுக்குப் பாதை இருக்கிறது, தபால் ஓட்டக்காரர் இப்போது கிளம்புகிறார், உங்களால் ஓட முடியுமா என்று கேட்டார்.

டிரில் வாத்தியாரைப் பார்த்து இந்தக் கேள்வி. வருஷா வருஷம் ஆடித்தபசுக்கு வெறுங்காலோடு கோவிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுகிறவன் நான். ஓடுவேன் என்றேன்.

ஓட்டக்காரர் பெயர் பிஷன். கையில் சலங்கை கட்டிய ஈட்டி, முதுகில் தபால் பை. யுத்தத்தில் பர்மாவில் மதராஸ் சிப்பாய்களோடு இருந்தவராம். தமிழில் பத்துச் சொல் தெரியும், அதில் ஆறு வசவு. மிச்சம் இருந்ததில் ஒன்றைத்தான் எனக்கு ஓயாமல் பயன்படுத்தினார்: "வா. ஜல்தி வா."

மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத கிழட்டு மரங்கள். ஒவ்வொன்றின் பட்டையையும் சீவி, கீழே ஒரு தகரக் குவளை தொங்கவிட்டிருந்தார்கள். காடு முழுக்க டர்பன்டைன் நெடி. பார்க்க அழகுதான், பார்க்கத்தான் விடவில்லை. தரையெங்கும் ஊசி ஊசியாகச் சருகு, எண்ணெய் கொட்டிய தளம் மாதிரி வழுக்கியது. மூன்று தடவை விழுந்ததும், கான்வாஸ் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு வழுக்கவில்லை, பைன் காய் குத்தியது. மலைக்காற்றோ, மூக்கில் நுழைகிறதே தவிர நெஞ்சுக்கு எட்டவில்லை. கரிசல் காட்டு வெயிலில் மணிக்கணக்கில் நிற்கிற எனக்கு ஒரு மைலில் கண் இருட்டியது.

ஒன்று பத்துக்கு பிஷன் என் கண்ணிலிருந்து மறைந்தார். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் குங்குமம் பூசிய ஒரு சாமிக் கல். வலது கை வழியாக வா என்று முதலிலேயே ஜாடையில் காட்டியிருந்தார். ஆனால் வலது வழியில் போனால் சாமி என் இடப்பக்கம் வந்துவிடும். சாமியை இடப்பக்கம் விட்டுச் சுற்றுகிறவன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. என் கால் என்னைக் கேட்கவில்லை. கல்லை வலமாக வைத்து இடது பாதையில் ஓடியது. அந்தப் பாதை ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு, இருபது நிமிஷம் கழித்து, என்னை அதே கல்லின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. நூற்றெட்டுச் சுற்றில் சம்பாதித்த புண்ணியம் அத்தனையும் அந்த இடத்தில் நான் பேசிய பேச்சில் போயிருக்கும். தங்கையின் முகம் கண்ணில் வந்தது. அழுகை வந்தது. சாமியை இடப்பக்கம் விட்டுவிட்டு ஓடினேன்.

இரண்டு பத்து. கடைசி வளைவில் ஒரு பாறை. தபால் பையின் மேல் உட்கார்ந்து பிஷன் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கீழே ஹாரன் அலறியது. அங்கே சாலை குறுகல், மேலே ஏறும் பஸ்ஸும் கீழே இறங்கும் பஸ்ஸும் அந்த நிறுத்தத்தில்தான் ஒன்றையொன்று தாண்டும். தபால் பை கீழ் பஸ்ஸில் ஏறாமல் இரண்டும் நகராது. எனக்காகத்தான் மனுஷன் பையை அமுக்கி வைத்திருந்தார். எங்கே போனாய் என்று ஜாடையில் கேட்டார். காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். பாறையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அது வழியில்லையாம், அந்த ஊர்க்காரர்கள் சாமி சுற்றும் பாதையாம்.

இருவரும் நிறுத்தத்துக்கு இறங்கி ஓடினோம். மேல் பஸ்ஸின் ஜன்னலில் கம்பளிக் குல்லாவோடு மாப்பிள்ளை.

"மச்சான்?" என்றார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு எழுத்து வரவில்லை. தபால் பை வந்துவிட்டதைக் கண்டு டிரைவர் கியரைப் போட்டார். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து பிஷன் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "வா. ஜல்தி வா."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார், என் காலில் வடிந்த ரத்தத்தைப் பார்த்தார், பெட்டியோடு இறங்கிவிட்டார்.

"எதுக்கு வெறுங்காலோட ஓடி வந்திய?" என்றார். கழுத்தில் தொங்கிய ஷூவைத் தூக்கிக் காட்டினேன்.

கீழ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், கூரையில் பை விழுகிற சத்தம் கேட்டது. அவர் மேலே பார்த்தார். "அதுல கோமதிக்கு ஒரு காயிதம் கெடக்கு. இன்னிக்குக் காலம்பறதான் போட்டேன்."

"என்ன எழுதியிருக்கேரு?"

"வந்து சேரும்லா, அப்பப் பாத்துக்கிடுங்க."

என்னோடு காட்டில் ஓடிய பைக்குள்ளேயே பதில் இருந்திருக்கிறது. அது எங்களோடுதான் மலை இறங்கியது. ஆனால் நாங்கள் ஊர் வந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது.

கோமதி படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். இரண்டே வரி: 'கோமதி கூப்பிடுகிறாள், பிள்ளை தேடுகிறது என்று மூன்று கடிதத்திலும் மச்சான் எழுதியிருக்கிறார். தான் கூப்பிடுவதாக எழுதவில்லை. அவர் கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.'

"அங்கன போயி வான்னு சொன்னேல்லாண்ணே?" என்றாள்.

நான் கடிதத்தை மடிக்க ஆரம்பித்தேன். தெருவில் பிள்ளையை நடத்திப் பழக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பாமலே, "சொன்னாவ, சொன்னாவ" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மூன்று நாளும் மனுஷன் கொல்லைப்புறம் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார். எழுந்து தெருவாசலுக்குப் போனேன். எதிர்வீட்டில் ஆட்கள் நின்றார்கள். நிற்கட்டும். இமயமலையில் நாலு மைல் ஓடினபோது வாங்காத மூச்சு வாங்கியது.

"மாப்ள, வாரும்" என்றேன். "இந்த வழியா வாரும். சாப்பிடலாம்."

அவர் முதலில் பிள்ளையை வாசப்படியில் நிற்க வைத்தார். பிறகு தானும் மிதித்தார்.