அப்பாவின் கம்பளி

நனைந்த கம்பளி வாசம் எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்குப் படபடப்பு வந்துவிடும். வால்பாறை எஸ்டேட்டில் இருந்த எங்கள் தகரக்கூரைத் தொடக்கப்பள்ளி கண்முன் நிற்கும். இப்போது அந்த இடமெல்லாம் தேயிலைச் செடி. அங்கே படித்த ஐந்து வகுப்புதான் என் படிப்பு.

மூன்றாவதில், அரையாண்டு லீவுக்கு முந்தின நாள் கிறிஸ்துமஸ் நாடகம். எனக்கு மேய்ப்பன் வேஷம். காய்ச்சலில் கிடந்த அப்பா, "வேசத்துக்குத்தானே, எடுத்துட்டுப் போ கண்ணு" என்று வீட்டில் இருந்த ஒரே கம்பளியை உருவிக் கொடுத்தார். நாடகம் முடிந்த குதூகலத்தில் அதை வகுப்பிலேயே மறந்துவிட்டேன். டீச்சர் பள்ளியைப் பூட்டிச் சாவியோடு பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டார்.

"கம்பளி எங்க கண்ணு?" என்றாள் அம்மா.

அடிக்குப் பயந்து, "டீச்சர் குளிருதுன்னு கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்றேன்.

லீவு முழுக்க அப்பா சாக்குக்குள் சுருண்டு இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் உண்மை என் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. அம்மாவோ, "அவிங்களுக்கும் குளிருமல்லங்க, உடுங்க" என்று சாக்கை அவர் கால்வரை இழுத்துவிட்டாள்.

பள்ளி திறந்த அன்று, பூட்டிய வகுப்பில் பனி ஒழுகி நனைந்து கிடந்த கம்பளியோடு வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்துத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"குடுத்ததத் திருப்பிக் கேட்டுப்போட்டயா? டீச்சர் என்ன நெனைப்பாங்க!"

அதற்கும் தலையாட்டினேன்.