நிற்காமல் போன டோல்கேட்

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் வந்தேன். டிரைவர் கணேசன் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும்.

டோல்கேட்டில் வண்டி நிற்கவே இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கைப் பார்த்ததும் கேட் திறந்துகொண்டது.

"முன்னெல்லாம் இங்க எம்புட்டு கியூ நிக்கும் தெரியுமாம்மா? சில்லறைக்குச் சண்டை வேற. இப்ப செத்த நேரங்கூட நிக்க வேண்டாம்."

நல்லதுதானே என்றேன்.

பத்து நிமிடத்தில் கார் மெல்ல ஓரத் தடுப்பை நோக்கிச் சாய்ந்தது. நான் கத்திய பிறகுதான் அவருக்குக் கண் திறந்தது.

நிறுத்தச் சொன்னேன். ஸ்டியரிங்கில் தலை வைத்ததும் தூங்கிவிட்டார்.

அரை மணி நேரத்தில் கார் ஓனர் அவரை போனில் கூப்பிட்டுக் கத்தினார். "ஏலே, டோல் தாண்டுன மெசேஜ் எனக்கு அப்பவே வந்துருச்சு. இன்னுமா ஆஸ்பத்திரி போகல? இங்க திரும்பி வந்தா வத்திராயிருப்புல அடுத்த சவாரி காத்துக் கெடக்கு!"

போனை நான் வாங்கினேன். "எனக்குத்தான் மயக்கமா வந்துச்சு, நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்" என்று பொய் சொன்னேன்.

பிறகு கணேசன் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு நாளா சரியா தூக்கமில்லம்மா. முன்ன அந்தக் கியூவுலதான் கொஞ்சம் கண்ணசருவேன்."

ஆஸ்பத்திரி வாசலில், செத்த நேரம் படுத்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன்.

"டோல் மெசேஜ் லேட்டாப் போனா மறுபடி ஏசுவாரும்மா" என்று கிளம்பிவிட்டார்.

டோக்கனுக்குக் காத்திருக்கிறேன். இந்நேரம் அதே டோல்கேட்டுக்குப் போயிருப்பார். ஒரு நொடிகூட அவரை அது நிறுத்தாது.

டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று மெசேஜ் அனுப்பும் டேக் உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?