இலையில் வைத்த குராவ்

என் கணவர் இறந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. படையல் மட்டும் உண்டு. தீபாவளிக்கு முந்தின நாள் மாலை, போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் பரப்பி, விளக்கேற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு கதவைத் திறந்து, இலையில் இருப்பதை நாங்கள் பகிர்ந்து சாப்பிடுவோம். நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தே வயதானவள். ஒரு முறைக்கு இரண்டு முறை சோதிக்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அன்று அந்தக் கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உள்ளே தண்ணீர்ச் செம்பு நகரும் சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இலையில் ஆட்டுக்கறி, உளுந்து வடை, கறுப்பு பீர் ஒரு போத்தல், நடுவில் குராவ் மீன் குழம்பு. தமிழ்நாட்டில் காலா என்பார்களே, அந்த மீன்தான். பினாங்கில் குராவ் வாங்க வேண்டுமென்றால் கையில் கிடக்கும் வளையலைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான், அவ்வளவு விலை. காலையிலேயே பாசாருக்குப் போய், தாடை ஓரமாக மீசை போல நீண்டு தொங்கும் அதன் துடுப்பிழைகளைத் தொட்டுப் பார்த்து, முழு மீனாக வாங்கிக் கண்ணெதிரே வெட்டச் சொன்னேன். அவருக்காகச் செய்கிற கடைசி நல்ல காரியம் போல ஒரு நிறைவு இருந்தது.

கதவைத் திறந்து எல்லாரும் இலையைச் சுற்றி உட்கார்ந்தோம். என் மகள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"மா, இது அப்பா குராவ் இல்லம்மா."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "முழு மீனா பாத்து வாங்குனதுடி. குராவ் இல்லாம வேற என்ன?"

"மீன் நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா சாப்புடுறது இப்டி இருக்காது. அது வாயில வச்சதும் வெண்ணெ மாதிரி போயிடும். இது கெட்டியா இருக்கு."

அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு வேலை இல்லாத சனிக்கிழமைகளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வழக்கமாகக் குராவ் சாப்பிடும் கடைக்குப் போனவள் அவள்தான். அவர் வந்திருந்தால், வந்து இலைமுன் உட்கார்ந்திருந்தால், தனக்குப் பிடித்தது இல்லையே என்று பசியோடு எழுந்து போயிருப்பாரோ என்ற எண்ணம் மட்டும் மனதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. முட்டாள்தனமான எண்ணம்தான். ஆனாலும் அது ஒரு வருடம் என்னைவிட்டுப் போகவில்லை.

அவர் கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். சனிக்கிழமை அரை நாள் வேலை. முடிந்ததும் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு தீவுக்கு வந்து, ஜெட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் குராவ் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வருவார். கல்யாணமான புதிதில் என்னையும் ஒரு தடவை கூட்டிப் போனார். தோல் உரித்த வெள்ளைத் துண்டு, முள்ளே கிடையாது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னங்க, இது குராவ் இல்ல. பாத்தின்" என்றேன்.

பாத்தின் என்றால் வளர்ப்புக் குளத்து மீன், மலிவு. அவருடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டது போல அவர் முகம் மாறியது. "சேத்துல கெடக்குற மீனையும் குராவையும் தெரியாமலா நான் சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்? நீ சும்மா இரு லா" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பில் பாத்தின் ஏறக் கூடாது என்று சட்டம். எனக்குப் பாத்தின் பிடிக்கும். அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் சாப்பிட்டுக்கொள்வேன்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மீன்களின் டிஎன்ஏவைப் பார்த்து இனம் கண்டுபிடிக்கும் வேலை தொடங்கியது. எனக்குக் கொண்டாட்டம். "ஒரே ஒரு துண்டு தாப்பாவ் கட்டிட்டு வாங்க, ஒரு அரிசி அளவு போதும், சொல்லிடுறேன்" என்றேன். மனுசன் அன்றோடு அந்தக் கடையிலிருந்து பொட்டலம் கட்டி வருவதையே நிறுத்திவிட்டார். "என் நாக்குக்கு சர்டிபிகேட் வேணாம் லா" என்பார். வாராவாரம் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே கை கழுவி, சட்டையில் மட்டும் அந்த வாசனையோடு வருவார். துவைக்கும் கூடையில் அந்தச் சட்டையைப் போடும்போது, "இந்தச் சட்டைய வெட்டி லேப்புக்கு எடுத்துட்டுப் போறேன் பாருங்க" என்று நான் கத்துவேன். அவர் உள்ளேயிருந்து சிரிப்பார். இந்தச் சண்டை எங்களுக்குச் சலிக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் காலை வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்தான். சண்டை பாதியில் நின்றுபோனது.

அதனால்தான் முதல் படையலுக்கு நிஜக் குராவ் வாங்கினேன். செத்தவரோடு என்ன வாதம், அவர் குராவ் என்றால் குராவ்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வருடம் எங்கள் ஆய்வுக்கூடம் சந்தைகளிலும் உணவகங்களிலும் விற்கும் மீன்களைச் சோதிக்கத் திட்டம் போட்டது. பெயர்ப்பலகையில் ஒரு மீன், தட்டில் வேறொரு மீன் என்ற புகார் எல்லா ஊரிலும் உள்ளதுதான். மாதிரிகளை வாங்கி வரும் வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்தார்கள். ஜெட்டிப் பக்கம் நான் போகிறேன் என்று முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். கடைகளின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது, மாதிரிக்கு ஓர் எண் மட்டும்தான்.

அந்தக் கடைக்குள் நான் காலை வைத்ததும் கல்லாவில் இருந்த அம்மா எழுந்துவிட்டார். என்னைவிடச் சின்னவர். என் கணவரை அண்ணே என்றே கூப்பிட்டுப் பழகியவர். துக்கத்துக்கு வீட்டுக்கும் வந்திருந்தார்.

"வாங்கக்கா. அண்ணே உக்கார்ற மேச அதுதான். காத்தாடிக்குக் கீழ."

நான் போய் அதில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்த மேசை. இத்தனை வருடம் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டா சாப்பிட்டார்? எழுந்து போகவும் மனம் வரவில்லை. குராவ் குழம்பு ஒன்று கட்டச் சொன்னேன். அந்த அம்மா இரண்டு துண்டு கூடவே போட்டுக் கட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் பொட்டலத்தைப் பிரித்ததும் வாசனை வந்தது. வெந்தயம், புளி, கறிவேப்பிலை, பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் அது சனிக்கிழமை மூன்று மணி வாசனை. கதவுக்கு வெளியே அவர் ஷூ கழற்றும் வாசனை. கையுறையோடு கண்ணைத் துடைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அப்படியே வழியவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் மிளகாய் நெடியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சமைத்த மீனில் டிஎன்ஏ எடுப்பது எரிச்சல் பிடித்த வேலை. கொதியில் அது துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். மிஞ்சினதையும் மஞ்சளும் புளியும் பாடாய்ப் படுத்தும். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. துண்டின் நடுப்பகுதியிலிருந்து கிள்ளி, திரும்பத் திரும்பக் கழுவி, மறுபடி செய்தேன். மறுபடியும் ஒன்றும் வரவில்லை. அங்கே போயும் மனுசன் பிடி கொடுக்கிறாரா பார் என்று வாய்விட்டே திட்டினேன். சிதைந்த மாதிரிகளில் தேடுவதற்கென்று இருக்கும் டிஎன்ஏவின் குட்டையான பகுதியை மட்டும் தேடிப் பார்த்தபோதுதான் கிடைத்தது.

முடிவு வந்த நாளில் கணினித் திரையில் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் மாறி மாறி வரிவரியாக ஓடின. உலகத்து மீன்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் பெயர் பாத்தின். அடுத்ததும் பாத்தின். குராவ் கண்ணுக்கெட்டின தூரம்வரை இல்லை.

"பாத்தீங்களா!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. அவர் எண்ணை இன்னும் நான் அழிக்கவில்லை. விரல் அந்தப் பெயர்மேல் போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது. இத்தனை வருடத்துச் சண்டையில் ஜெயித்துவிட்டேன், அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. அவர் இறந்த அன்றுகூட நான் அவ்வளவு தனியாக உணரவில்லை. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "மெஷின் ரிப்பேர் லா" என்றிருப்பார். அதைக் கேட்பதற்காகவாவது அவர் வேண்டும் எனக்கு.

முடிவை உள்ளபடியே பதிந்தேன். அந்தக் கடை மாதிரியின் எண்ணுக்கு நேராகத் தவறான பெயர் என்று குறித்தேன். மற்றவர்கள் கொண்டுவந்ததிலும் டோரி என்ற கடல்மீன் பெயரில் விற்ற துண்டுகள் பாத்தினாகவே வந்துகொண்டிருந்தன. வேலையில் நான் யாருக்கும் சலுகை காட்டுகிறவள் இல்லை.

தீபாவளி நெருங்கியபோது கடைக்குப் போய் நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, நீ குராவ்னு விக்கிறது பாத்தின்தானே?"

அந்த அம்மா முதலில் இல்லை என்று தலையாட்டினார். பிறகு கூட்டுகிற ஆளை உள்ளே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கப்பா காலத்துல நெசமாவே குராவ்தான்க்கா. அப்புறம் வெல ஏறிப் போச்சி. அண்ணே வந்து உக்காந்ததும் குராவ் இருக்கான்னுதான் கேப்பாரு. இல்லன்னு சொன்னா எழுந்து போயிடுவாரேன்னு பயம். ஒரு நாள் பாத்தின வச்சோம். இன்னிக்கிதான் குழம்பு ருசின்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எப்டிக்கா மாத்துறது?"

"ஏமாத்தினதுக்கு இது நல்ல கதை" என்றேன். கோபம் நிஜமாகவே இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இன்னிக்கிதான் ருசி என்று அவர் சொன்ன அந்த முகத்தை இந்த அம்மா பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை.

"போர்டுல பேர மாத்து. படையலன்னிக்கி எனக்கு ஒரு சட்டி வேணும். இதே மீன், இதே குழம்பு" என்றேன். காசு வேண்டாம் என்றார். நான் விடவில்லை, மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஏமாற்றியதைச் சும்மா கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

படையலன்று புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு மூத்த அக்கா. இலையில் நான் ஒவ்வொன்றாக வைக்க, அவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். தம்பிக்கு எது ஆகும், எது ஆகாது என்பதில் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. சட்டியைத் திறந்து வெள்ளைத் துண்டுகளை எடுத்து வைத்தபோது குனிந்து பார்த்தார்.

"இது என்னா மீனு? பாத்தின் மாரி தெரியிது. அவன் அத வீட்டுக்குள்ளயே விடமாட்டானே."

மகள் என்னைப் பார்த்தாள். முடிவு வந்த அன்றே அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். என் கைப்பையில் இருந்த கைப்பேசியில் அந்தச் சோதனை முடிவு அப்படியே இருந்தது, வேண்டுமானால் எடுத்துக் காட்டலாம்.

"குராவ் அண்ணி" என்றேன். "அவர் எப்பவும் சாப்புடுற கடையில வாங்குனது."

"அப்ப சரி" என்று அவர் நிமிர்ந்தார்.

விளக்கை ஏற்றினேன். எல்லாரும் வெளியே போனார்கள். நான் கடைசியாக நின்றேன். கதவைச் சாத்தும் முன்னால் திரும்பி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"குராவ்தாங்க. நீங்க சொன்னதுதான் சரி. சாப்புடுங்க."

கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவரிடம் தோற்றிருக்கிறேன். ஒரு தடவை சிரித்துவிட்டுப் போகக் கூடாதா மனுசன்.