அடிக்கோடு அக்காவின் விண்ணப்பம்

“அந்த ஒரு கேள்விய மட்டும் ஏன்டி படிக்காம விட்ட?”

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா இதைக் கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பதினேழு வருடமாக வேலை பார்ப்பவர். வயது முப்பத்தாறு. யார் எந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாலும் சிவப்புப் பென்சிலால் முக்கியமான இடங்களில் கோடு போட்டுத் தருவார். அதனால் பள்ளி முழுக்க அவருக்கு ‘அடிக்கோடு அக்கா’ என்றுதான் பெயர். கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம், அவ்வளவு சின்னக் கடை. காகிதம் பறந்துவிடக் கூடாது என்று மின்விசிறியைத் தரையில் வைத்திருப்பார்; காலுக்கு மட்டும்தான் காற்று.

கல்லூரியில் முதல்முறை சேருகிறவர்கள் என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மதிப்பெண் பட்டியல் அசலும் மூன்று நகலும், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம். புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும். முடியால் காதை மறைத்திருந்த என் வகுப்புத் தோழனை, “உன்ன அடையாளம் சொல்ல அந்த ரெண்டுதான் இருக்கு, அதையும் மூடிக்கிட்டா எப்படி?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

கடையில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. தன் விண்ணப்பத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது. வரிசையில் நிற்கும் இன்னொருவர் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் சத்தமாகப் படிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு உரியவர் கேட்டுவிட்டு ‘சரி’ சொன்ன பிறகுதான் அனுப்புவார். சொந்த எழுத்தில் தப்பு கண்ணுக்குத் தெரியாது என்பார். பிறந்த ஆண்டுக்குப் பதிலாக நடப்பு ஆண்டை எழுதிய ஒருத்தி அப்படித்தான் தப்பித்தாள்.

இந்த வருடம் அக்காவும் விண்ணப்பித்தார். மாலை நேர வகுப்பு, வரலாறு. கடை முதலாளி முதலில் சிரித்தாராம். “நீ படிச்சு பெரிய ஆளாயிட்டா எனக்கு யாரு நகல் எடுப்பா?” என்று கேட்டுவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்ப அனுமதி கொடுத்திருக்கிறார். ஆனால் இந்த வருடத்துக்கு மட்டும்தான் அவரால் வாக்குக் கொடுக்க முடிந்தது. அடுத்த வருடம் கடை அவர் மகன் கைக்குப் போகிறது.

நானும் அதே கல்லூரிக்குத்தான் போட்டேன். என் விண்ணப்பத்தை அக்காவே படித்தார். நாற்பது நிமிடம். என் தேர்வு எண்ணில் ஓர் இலக்கம் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார். பிறகு அக்காவின் விண்ணப்பத்தை நிரப்ப, அவர் எழுந்துகொண்டு என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். வெளியே என் தோழிகள் இரண்டு பேர் கிளம்பு கிளம்பு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா திரைக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் பக்கத்தில், பகல் வகுப்புக்கான என் விண்ணப்பத்தில் இல்லாத ஒரு கேள்வி: ‘இதற்கு முன் ஏதேனும் கல்லூரியில் பதிவு செய்ததுண்டா?’ அதை நான் படிக்கவே இல்லை. நானாகவே ‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

எல்லாம் முடிந்ததும் அக்கா, “வேற எதுவும் கேக்கலையா?” என்றார். அவர் கையில் பழைய மஞ்சள் சீட்டு ஒன்று இருந்தது. நான் அது என்ன என்று கேட்கவில்லை.

“இல்லக்கா, அவ்வளவுதான்.”

“அப்ப நல்லதாப் போச்சு” என்று சீட்டைக் கோப்புக்குள் வைத்துவிட்டார்.

சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் இருவரும் சேர்ந்தே போனோம். எனக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது. சேர்க்கைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்காக நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் அக்காவின் மாற்றுச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில், மங்கலாக, வேறொரு கல்லூரியின் வட்ட முத்திரை.

“நீங்க ஏற்கெனவே ஒரு காலேஜ்ல பதிவு பண்ணியிருக்கீங்க. ‘இல்லை’ன்னு போட்டிருக்கீங்களேம்மா?”

அக்கா குனிந்து அலுவலரின் கணினித் திரையில் அந்தப் பதிலைப் பார்த்தார். அவர் முதல்முறை விண்ணப்பதாரர் இல்லை, மீண்டும் சேருகிறவர்களின் பட்டியலில் போட்டிருக்க வேண்டும், அதற்குப் பழைய கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் போதும், ஆனால் அதற்கான கடைசித் தேதி போன வாரமே முடிந்துவிட்டது என்று அலுவலர் பொறுமையாகத்தான் விளக்கினார். தவறான தகவல் கொடுத்ததால் இந்த விண்ணப்பம் ரத்து. யார் நிரப்பியது என்று கேட்டார்.

“நான்தாங்க” என்றார் அக்கா.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். நான் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். கையில் இருந்த என் சீட்டு போய்விடுமோ என்று பயந்தேன். அதனால் சும்மா நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் அக்கா தன் பழைய கல்லூரிக் கதையைச் சொன்னார். பதினெட்டு வயதில் ஒரு கல்லூரியில் சேர்ந்து நான்கு நாள் போயிருக்கிறார். ஐந்தாம் நாள் அவருடைய அப்பா வேலை செய்த கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. சான்றிதழ்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தவர், சில மாதத்தில் கடை வேலைக்குப் போனார். மஞ்சள் சீட்டு அந்தப் பதிவுக்கான ரசீது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இறங்கும்போது, “அவசரத்துல விட்டுட்டேங்க்கா” என்றேன். அது பொய்.

அவசரம்தான் காரணம் என்றால் மற்றக் கேள்விகளையும் விட்டிருப்பேன். இரத்த வகையைக்கூடக் கேட்டேனே. அதை மட்டும் கேட்காததற்குக் காரணம், ஜெராக்ஸ் கடை அக்கா எந்தக் காலத்தில் கல்லூரிக்குப் போயிருக்கப்போகிறார் என்று நானே முடிவு செய்துவிட்டதுதான். கேட்டால் அவர் மனம் சங்கடப்படும் என்று எனக்கு நானே ஒரு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். நான்காவது வாரம் கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போய் உண்மையைச் சொன்னேன்.

அக்கா இயந்திரத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்தார். “நாலு நாள்தானே போனேன். காலேஜ் போனேன்னு அதுக்குள்ள மூஞ்சில எழுதியிருக்குமா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் சீக்கிரமே நின்றுவிட்டது.

தப்பு என்னுடையது என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். கையெழுத்து விண்ணப்பதாரருடையது, எனவே பொறுப்பும் அவருடையதே, அடுத்த ஆண்டு முயலலாம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு முதலாளியின் மகன் ஐந்து மணிக்கு விடுவாரா என்று அக்காவுக்கும் தெரியாது. என் வகுப்புகள் திங்கட்கிழமை தொடங்கிவிட்டன.

போன வாரம் கடையில் ஒரு பெண்ணின் விண்ணப்பத்தைப் படிக்க ஆள் தேவைப்பட்டது. முன்னால் நின்றது நான்தான். அக்கா என்னைத் தாண்டிப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

யாருக்காவது விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். நான் செய்ததை அப்படியே சொல்லுங்கள், குறைத்துச் சொல்ல வேண்டாம். எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் எல்லாக் கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள்.