அப்பா குறைத்த பத்து வயது

எங்கள் அப்பாவுக்கு இரண்டு வயது. வீட்டில் ஒன்று, சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒன்று. நெய்வேலியில் ஆள் எடுத்த காலத்தில் அவருக்கு வயது கடந்துபோயிருந்தது. ராமநாதபுரம் பக்கத்து எங்கள் ஊர் வாத்தியாரைப் பிடித்து, முழுசாகப் பத்து வயதைக் குறைத்து சர்டிபிகேட் வாங்கி, மைன்ஸில் சேர்ந்துவிட்டார். இதில் அவர் தனி ஆள் இல்லை. எங்கள் பிளாக்கிலேயே இப்படி இளைஞர் ஆனவர்கள் நாலைந்து பேர். "ரிஜிஸ்டர்படி பாத்தா நான் உங்களுக்கு அக்கா" என்று அம்மா கேலி செய்வாள்.

மற்றவர்களுக்குப் போனது வயது மட்டும்தான். அப்பாவுக்கு அதோடு ஒரு யுத்தமே போய்விட்டது.

மலேயாவில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர், வெள்ளைக்காரனை விரட்டக் கிளம்பிய படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். பிடிபட்டு ரங்கூன் சிறையில் கிடந்தார். ரிஜிஸ்டர் கணக்குப்படி அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. அதனால் அந்த யுத்தம் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் மட்டும் நடந்தது. முதல் ஷிப்ட் முடித்து வந்த நாட்களில் எங்கள் மூன்று பெண்களுக்கும் சொல்வார். காட்டில் கணுக்கால் புண் புழுத்து விழுந்துவிட்ட அவரை, பண்ருட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் இரண்டு நாள் முதுகில் சுமந்துவந்த கதையைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்போம். முடித்ததும், "வெளிய மூச்சு விடக் கூடாது" என்பார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை, சர்வீஸ் ரிஜிஸ்டர்கள் இருக்கும் ஆபீஸில். அப்போதுதான் வாசலில் ஒருவர் வந்து நின்றார். கறுத்து ஒடிசலாக, தோளில் துண்டு.

"அண்ணே, என்னைத் தெரியிதா? மந்தாரக்குப்பம் சந்தையில உங்களைப் பாத்தன். வெசாரிச்சிக்கினே வந்துட்டன்."

மடியிலிருந்து ஒரு மனுவை எடுத்துப் பிரித்தார். தானும் அந்தப் படையில் இருந்தவன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். கூடச் சிறையில் இருந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அரசாங்கம் தியாகி என்று ஏற்கும்.

"கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்கண்ணே. இந்தப் பக்கத்துல இப்ப நீங்களும் நானுந்தான் மிச்சம். ஊருல என்னை பர்மா புளுகன்னு கூப்புடறாங்க. பெத்த புள்ளையே நம்ப மாட்டேங்கிறான். சாவறதுக்குள்ள ஒரு காயிதம் வந்தா போதும்."

பேப்பர் தாழ்ந்தது. அப்பா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"யாருன்னு தெரியலீங்களே. நான் பர்மா பக்கமே போனதில்ல."

வந்தவர் அப்பாவைப் பார்த்தார். பேப்பர்காரரைப் பார்த்தார். கதவோரம் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு மனுவை மடித்தார்.

"மன்னிச்சிக்கங்க சார். ஆளு மாறி வந்துட்டன். கண்ணு சரியாத் தெரியறதில்ல."

அண்ணன் ஒரு நொடியில் சார் ஆகிவிட்டார். அம்மா மோர் கொடுத்தாள். குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பியதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அவர்தானேப்பா உங்களைத் தூக்கிட்டு வந்தவரு?"

"ஆமா" என்றார் அப்பா. "நான் எழுதிக் கொடுத்தா வயசு வெளிய வரும். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். மூணு பேரையும் கூட்டிக்கிட்டு எங்க போவேன், சொல்லு."

எங்கே போயிருப்போம் என்று எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அவரை மன்னிக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அப்பா கதை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பண்ருட்டிப் பக்கத்துக்காரர் இறந்துபோனார். அவருடைய மகன் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்ததால் அப்பாவுக்குச் செய்தி எட்டியது. லீவு போட்டுவிட்டு, இறந்தவர் ஊரான முத்தாண்டிக்குப்பம் போனார். திரும்பி வந்து, தோட்டத்துக் குழாயில் தலை முழுகினார்.

"கடைசி ஆளும் போயாச்சு" என்றார்.

"நீங்க இருக்கீங்களே" என்றாள் அம்மா.

"நான் எங்க இருந்தேன்?"

ரிஜிஸ்டர் வயது முடிந்து அப்பா ரிட்டயர் ஆனபோது அவருக்கு நிஜத்தில் அறுபத்தெட்டு. வழியனுப்பு விழாவுக்கு அந்த மகனை வற்புறுத்தி வரவழைத்திருந்தார். மாலையும் சால்வையும் போட்டு முடித்ததும் மைக்கைப் பிடித்தார். பர்மா, சிறை, சுமந்துவந்த மனிதர், அவர் ஊர், பேர் எல்லாவற்றையும் சொன்னார்.

அதிகாரி ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "சார், அப்ப உங்களுக்குப் பன்னெண்டு வயசு! துப்பாக்கி உங்களைவிட உயரமா இருந்திருக்குமே!"

கூட்டம் சிரித்தது. பிரியமாகத்தான் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பேப்பர்காரரும் சிரித்தார்.

கூட்டம் கலையும்போது அந்த மகன் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எங்கப்பா பேருக்காக இம்மாம் பேருக்கு முன்னால பொய் சொன்னீங்களே. பெரிய மனசுங்க உங்களுக்கு."

அப்பா அங்கேயே குனிந்து வேட்டியை விலக்கிக் கணுக்கால் வடுவைக் காட்டினார். "பொய்யில்ல தம்பி. இந்தக் காலோட என்னை உங்கப்பாதான் சுமந்தாரு. சத்தியமா."

"சரிங்க, சரிங்க" என்றார் மகன், பெரியவர்களைச் சமாதானப்படுத்தும் குரலில். பிறகு என்னிடம் திரும்பி, "வூட்டுக்கு இட்டுகினு போங்கக்கா. களைப்பா இருக்காரு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் அவருக்கு மிச்சமிருந்த சாட்சி நான்தான். உண்மைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆபீஸ்காரர்கள் நின்றார்கள். வெளியில் மூச்சு விடக் கூடாது என்று வளர்ந்த வாய்.

"வாங்கப்பா, போகலாம்" என்றுதான் சொன்னேன்.