கையில் நிற்காத முடி

ஷாம்பு போட்டு முடி கொட்டியதால், செம்பருத்தி இலையைக் கசக்கி, தலையில் தேய்க்க வழுவழுப்பான தாளிச் சாறு எடுத்துக்கொண்டு, நாத்தனார் ஷீபாவோடு குளத்துக்குக் குளிக்கப் போனேன். தலையிலிருந்து தாளி படியில் வழிந்ததை நான் கவனிக்கவில்லை. கால் வழுக்கி ஆழத்தில் விழுந்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது.

பச்சை வெளிச்சத்தில் என் முடி மெல்ல விரிந்து மிதந்தது. பயம்கூட வரவில்லை, தூக்கம் வருவது போலிருந்தது. ஷீபா முடியைப் பிடித்தாள், நழுவியது. மறுபடி பிடித்தாள், மறுபடியும் நழுவியது. கடைசியில் நைட்டியைப் பற்றிக் கரைக்கு இழுத்தாள்.

“மைனி, முடி கையில நிக்கவே இல்ல!” என்று அழுதாள்.

இப்போதும் தாளிதான் தேய்க்கிறேன். ஆனால் வீட்டில், வாளித் தண்ணீரில். “என்ன மினுமினுப்பு, கையில நிக்க மாட்டேங்குதே!” என்று யாராவது என் முடியைத் தொட்டுப் புகழ்ந்தால், ஷீபா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.